விதி என்னும் சொல்

(நமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் வழமையாகச் சமயமும் இலக்கியமுமே பேசப்படும். ஹெவ்லொக் டவுனில் மாதந்தோறும் கூடும் இச்சபையில், திருமுறைகளையும் புராணங்களையும் நன்கறிந்த பெரியோர் முன்னிலையில், பொறியியல் கற்கும் மாணாக்கராகிய நாம் சில்லையும் பிறேக்கையும் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நமது மன்றத்தின் கதிர்காம யாத்திரையோடு நேரே தொடர்புடையது. ஆகையால் சிறிது நேரம் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகின்றோம்.

யாத்திரைக்குப் பஸ் வண்டி அமர்த்துவது பற்றி அடுத்த வாரம் செயற்குழு முடிவு செய்யவிருக்கிறது. இரண்டு விலைக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்று மலிவு, ஒரே சாரதி, இரவுப் பயணம், கூட வருவோர் நின்றும் வரலாம், சாமான்களைக் கூரையில் ஏற்றலாம். மற்றது தலைக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா கூடுதல். இரு சாரதிகள், பகற் பயணம், இருக்கையுள்ளவர்க்கு மட்டுமே இடம். போகும்போது கதிர்காமம், திரும்பும்போது வெல்லவாய, எல்ல வழியாக ஏறி, நுவரெலியாவில் சீதையம்மனையும் றம்பொடையில் ஆஞ்சநேயரையும் தரிசித்து, கம்பளைக்கு இறங்கி வருவதாகத் திட்டம். நல்ல திட்டந்தான். ஆனால் அந்தப் பாதையை நாம் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

2025 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆந் திகதி, விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் வண்டி கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்ல என்னுமிடத்தில் பள்ளத்தில் வீழ்ந்தது. அதில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பயணஞ் செய்தனர்; இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4 ஆந் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்ற பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். இவ்விரண்டு இடங்களும் நமது யாத்திரைப் பாதையில் உள்ளவை.

இத்தகைய செய்தி வந்ததும் நமது வீடுகளில் முதலில் எழும் சொல் "விதி" என்பதே. "அவர்கள் விதி முடிந்தது" என்று ஒரு பெருமூச்சு, பிறகு தேநீர். அடுத்து எழும் சொல் "சாரதியின் பிழை." இவ்விரண்டும் சொன்னபின் நாம் அமைதியடைந்துவிடுகிறோம். இலங்கையில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகெங்கும் இவ்வாறு இறந்தோர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இத்தனை பேருக்கும் ஒரே வகையான விதியை ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்க இறைவன் என்ன அத்துணை இரக்கமற்றவனா?

நமது மொழியில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலையெழுத்து. மற்றது சட்டம், நியமம். கணிதத்திலும் பௌதிகத்திலும் விதி என்றால் இரண்டாவது பொருளே. ஒரு வாகனம் திரும்பும்போது, இறங்கும்போது, நிற்கும்போது எந்த நியமத்துக்கு அடங்கி நடக்கிறது என்று ஆராயும் துறைக்கு வாகன இயக்கவியல் என்று பெயர். இந்த இரண்டாம் விதியை அறிந்து நடந்தால் முதலாம் விதியின் மேல் நாம் சுமத்தும் பழியில் பெரும்பகுதி குறைந்துவிடும். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவே. இனி அதனை விளக்குவோம்.

முதலில் தேரைப் பாருங்கள். நமது முன்னோர் பௌதிக நூல் கற்றவரல்லர். ஆயினும் வாகனம் கவிழும் விதியை நன்கறிந்திருந்தனர். தேர் எத்துணை உயரம்! ஆனால் அதன் அடிப்பாகம் அகலமானது, கனத்த மரத்தாலானது, சில்லுகளும் அச்சும் பெரும் பாரமுடையவை. மேலே போகப் போக மூங்கில், சீலை, தோரணம், பூமாலை. பாரமெல்லாம் கீழே, அலங்காரமெல்லாம் மேலே. அதனாலேயே அவ்வளவு உயரமும் தெருவிலே அசைந்து அசைந்து வருகிறது. ஒரு பொருளின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொண்டால் அப்புள்ளியைப் புவியீர்ப்பு மையம் என்பர். அம்மையம் தாழ்ந்திருந்தால் பொருள் நிலைக்கும், உயர்ந்திருந்தால் கவிழும்.

எமது மிஷன் பாடசாலையிலே பௌதிக ஆசிரியர் ஒருவர் இதனைத் தீப்பெட்டியொன்றால் விளக்குவார். ஒரு பலகையில் தீப்பெட்டியைப் படுக்கவைத்துப் பலகையை மெல்லச் சாய்ப்பார். பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். அதே பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சாய்ப்பார். சிறிது சாய்ந்ததுமே பெட்டி தொப்பென்று விழும். "பிள்ளைகளே, முன்னது கார், பின்னது லொறி" என்பார். அன்று நாம் சிரித்தோம். இன்று அச்சொல்லின் ஆழம் விளங்குகிறது.

வளைவில் திரும்பும் வாகனத்தை வெளிப்பக்கமாகத் தள்ளுவது போன்ற ஒரு விசை உண்டு. அவ்விசை வேகத்தின் வர்க்கத்தின்படி வளரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 30 மீற்றர் ஆரையுள்ள ஒரு மலைவளைவை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால் பக்கவிசை வாகனத்தின் எடையில் நாலிலொரு பங்களவு. 60 கிலோமீற்றரில் திரும்பினாலோ அது எடைக்கு ஏறக்குறைய நிகராகிவிடும்.

இவ்விசையை எவ்வளவு தாங்கலாம்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இடவலச் சில்லுகளுக்கு இடையேயுள்ள தூரத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் பிரிக்கவேண்டும். காருக்கு இவ்விகிதம் ஒன்றுக்கு மேல். ஆகவே அது கவிழுமுன் ரயர் சறுக்கிவிடும். பஸ்ஸுக்கு அவ்வாறன்று. சில்லுகளுக்கிடையே 2 மீற்றரும், மையத்தின் உயரம் ஒன்றேகால் மீற்றரும் என்று வைப்போம், விகிதம் 0.8. முன் சொன்ன வளைவில் மணிக்கு 55 கிலோமீற்றர் வரை கவிழாது என்று கணக்குச் சொல்லும். அதே பஸ்ஸில் இருபது பேரை நிற்கவைத்து, கூரையிலே அரிசி மூட்டையும் பாத்திரபண்டமும் ஏற்றி, மையத்தை 1.6 மீற்றருக்கு உயர்த்திவிட்டால் அவ்வெல்லை 49 ஆகக் குறைந்துவிடும். வில்லுத்தகடுகள் ஒருபக்கம் அமுங்கி வண்டி சாய்வதால் உண்மையில் இரண்டு எல்லைகளும் இதனினும் குறைவே. சாரதிக்கோ வேகங்காட்டி ஒன்றுதான் தெரியும். நாம் கூரையில் ஏற்றிய மூட்டை அவருடைய எல்லையைக் குறைத்துவிட்டது என்று எந்தக் கருவியும் அவருக்குச் சொல்வதில்லை.

பெரியோர்களே, காலி வீதியில் ஓடிய இரட்டைத்தட்டு பஸ்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இலண்டனில் ஓடி முடித்த பல பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு வந்து இங்கு ஓடின. அத்துணை உயரமான வண்டி எப்படிக் கவிழாமல் ஓடிற்று? இலண்டனில் அத்தகைய வண்டியின் மேல்தட்டில் மணல் மூட்டைகளை வைத்து, கீழ்த்தட்டை வெறுமையாக விட்டு, ஒரு சாய்மேடையில் ஏற்றி 28 பாகை வரை சாய்த்துப் பார்த்தார்கள். கவிழாத வண்டிக்கே தெருவில் இடம். பாரமான எஞ்சினும் அடிச்சட்டமும் கீழே, இலேசான உடல் மேலே. நமது தேரின் இரகசியமும் இதுவே அன்றோ! இதற்கு மாறாக நமது நாட்டில் இன்று ஓடும் பஸ்களிற் பல, லொறிக்கென வகுக்கப்பட்ட அடிச்சட்டத்தின் மேல் உடல் கட்டப்பட்டவை. அவற்றின் தளம் உயர்ந்தது. ஏறும்போது முதியோர் படும் துன்பமே அதற்குச் சாட்சி. தளம் உயர உயரப் பயணிகளின் பாரமும் உயருகிறது.

எமது அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் ஆண்டில் விடுமுறை முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு இரவு பஸ்ஸில் வந்தோம். நடைபாதையெங்கும் மூட்டை, அவற்றின்மேல் ஆட்கள். நள்ளிரவு கழிந்த நேரம். வீதியிலே மாடொன்று குறுக்கிட்டது. சாரதி வலப்புறம் வெட்டினார். உடனே இடப்புறம் திருப்பினார். முதல் வெட்டில் வண்டி சாய்ந்தது. இரண்டாம் வெட்டில் அது இன்னும் அதிகமாகச் சாய்ந்து, ஒருபக்கச் சில்லுகள் நிலத்தைவிட்டு எழுந்தனவோ என்று நாம் ஐயுறும்படி ஆயிற்று. பின்னர் நிமிர்ந்தது. வண்டிக்குள்ளே "முருகா!" என்ற ஒரே குரல். பக்கத்திலிருந்த ஐயா ஒருவர் திருநீற்றைப் பூசிக்கொண்டு, "எங்கள் விதி நல்லது, தம்பி" என்றார். நாம் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை.

அன்று நடந்ததன் காரணத்தைப் பின்னர் வகுப்பிலே அறிந்தோம். முதல் வெட்டில் அமுங்கிய வில்லுத்தகடு சக்தியைச் சேமித்து வைக்கிறது. எதிர்ப்பக்கம் திருப்பும்போது அச்சக்தியும் சேர்ந்து வண்டியை மறுபக்கம் வீசுகிறது. ஆகவே இரண்டாம் வெட்டே ஆபத்தானது. 1997 இல் சுவீடன் தேசத்துப் பத்திரிகையாளர், வீதியில் காட்டுமான் குறுக்கிட்டாற்போல வண்டியை இருபக்கமும் வெட்டித் திருப்பும் சோதனையில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய சிறு கார் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினர். அந்நிறுவனம் கார்களைத் திரும்பப் பெற்று, மின்னணு நிலைப்படுத்தி என்னும் கருவியைப் பொருத்தித் தந்தது. சாரதி திருப்ப விரும்பும் திசையும் வண்டி உண்மையில் திரும்பும் திசையும் வேறுபடுமாயின், அக்கருவி தக்க சில்லொன்றுக்கு மட்டும் பிறேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்தும். அவமானத்தை மறைக்காது ஆராய்ந்ததனால் விளைந்த நன்மை அது.

இனி மலையிறக்கம். நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறக்கம் ஏறக்குறைய 1,400 மீற்றர். பதினைந்து தொன் எடையுள்ள பஸ் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 700 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு கல்யாண வீட்டுக்கு வேண்டிய வெந்நீர்! காற்றுத் தடையும் சில்லின் உருளுதடையும் ஒரு பகுதியை ஏற்கும். மிகுதியை யாரேனும் ஏற்றே ஆகவேண்டும். சாரதி பிறேக்கை மட்டும் நம்பி இறங்குவாராயின் அந்த வெப்பமெல்லாம் பிறேக்கில் சேரும். பிறேக் உருளை வெப்பத்தால் விரியும். உராயும் பட்டையின் பிடி தளரும். சாரதி எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நில்லாது. "பிறேக் பிடிக்கவில்லை" என்று பிழைத்த சாரதி சொல்லும்போது, பொய் சொல்கிறார் என்று நாம் நினைப்பதுண்டு. அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். அடுத்த நாள் அதே பிறேக் ஆறியபின் நன்றாகப் பிடிக்கவுங்கூடும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய மலைநாட்டுச் சாரதிகளின் பாடம். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கொத்மலையில் நிகழ்ந்ததற்கு இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அவ்வீதியில் இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸும் இந்தக் கணக்கைத் தீர்த்தே இறங்கவேண்டும். நாம் அமர்த்தும் பஸ்ஸும் அப்படியே.

வண்டி நிற்கும் தூரத்தையும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ்ஸின் சாரதி ஆபத்தைக் கண்டு காலை வைக்க ஒரு வினாடி ஆகுமாயின், அதற்குள்ளேயே வண்டி 17 மீற்றர் ஓடிவிடும். பின்னர் நன்றாகப் பிறேக் பிடித்தாலும் இன்னும் 28 மீற்றர். மொத்தம் 45. வேகம் 100 ஆனால் மொத்தம் 105 மீற்றர். மழை பெய்தால் இன்னும் நீளும். சாரதி தூங்கி விழுந்தாலோ அந்த ஒரு வினாடி எத்தனை வினாடியாகும் என்பதை யார் அறிவார்?

புகையிரதத்தின் கதை வேறு. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. உராய்வு குறைவு, ஆதலின் சிறிய சக்தியால் பெரிய பாரத்தை இழுக்கலாம். அதே காரணத்தால் நிறுத்துவதும் அரிது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, சாரதி பிறேக் பிடித்தபின் ஏறக்குறைய 350 மீற்றர் ஓடியே நிற்கும். வெள்ளவத்தையில் மூன்று நான்கு ஒழுங்கைகளின் தூரம் அது. அவ்வளவு தூரத்தில் நம்மைச் சாரதி கண்டாலும் அவரால் செய்யக்கூடியது ஊதுவது ஒன்றே. மாலைவேளையில் கடற்கரைக்குப் போகும் நமது இளைஞர், காதிலே பாட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தின்மேல் நடப்பதைத் தினமும் காண்கிறோம். கடல் இரைச்சலோடு பாட்டும் சேர்ந்தால் ஊதும் ஒலியும் கேளாது. புகையிரதம் விலகிச் செல்ல இயலாத வாகனம், விலகவேண்டியவர் நாமே. 2005 ஏப்பிரல் 27 ஆந் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையில் யங்கல்மோதரக் கடவையில், மூடிய தடையைச் சுற்றிக்கொண்டு முன்னேற முனைந்த பஸ் வண்டியைக் கண்டி செல்லும் கடுகதி வண்டி மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் இருக்கையில் அமர்ந்திருந்த பயணிகள். தடையைச் சுற்றிப் போகும்படி கேட்டவரல்லர்.

புகையிரதத்தைத் தண்டவாளத்தில் நிறுத்தி வைப்பது சில்லின் விளிம்பு என்று பலரும் நினைப்பர். முதற் காவலன் வேறு. தேநீர் குடிக்கும் கடதாசிக் குவளைகள் இரண்டை வாயோடு வாய் ஒட்டி, சமாந்தரமாக வைத்த இரு தடிகளின்மேல் உருட்டிப் பாருங்கள். அது ஒருபக்கம் ஒதுங்கினாலும் தானாகவே நடுவுக்குத் திரும்பும். புகையிரதச் சில்லும் இவ்வாறே சிறிது கூம்பு வடிவாகக் கடையப்பட்டது. வண்டி வலப்புறம் ஒதுங்கினால் வலச்சில்லு பருத்த பகுதியில் உருண்டு முந்தும். அச்சு இடப்புறம் திரும்பும். எவ்வளவு எளிய ஏற்பாடு! ஆனால் அதிலே ஒரு தீமையும் மறைந்திருக்கிறது. நடுவுக்கு வந்த சில்லு அங்கே நில்லாது மறுபக்கம் போகும். மீண்டும் இப்பக்கம் வரும். வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் இந்நெளிவு அடங்காது வளர்ந்து தண்டவாளத்தையே வளைத்துவிடும். யப்பானியர் இதனைப் பாம்பு நடை என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். 1955 இல் பிரான்சு தேசத்தார் மணிக்கு 331 கிலோமீற்றர் வேகத்தை எட்டிச் சாதனை புரிந்தபோது, அவர்களுடைய தண்டவாளமும் நெளிந்துபோயிற்று.

இப்பாம்பை அடக்கியவர்களுள் ஒருவர் தடாசி மட்சுடைரா என்னும் யப்பானியப் பொறியியலாளர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் கடற்படையின் போர் விமானங்களின் இறக்கை நடுக்கத்தை ஆராய்ந்தவர். யுத்தம் முடிந்து தோல்வியுற்ற நாட்டில் விமான வேலை இல்லாதொழிய, புகையிரத ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். வண்டியின் ஆட்டத்துக்குத் தண்டவாளத்தின் கோணலே காரணம் என்று பலர் கருதிய காலத்தில், ஆட்டம் சில்லிலிருந்தே பிறக்கிறது, விமான இறக்கையின் நடுக்கத்துக்கு இது உடன்பிறப்பு என்று அவர் காட்டினார். உருளைகளின்மேல் சில்லுகளை ஓடவிட்டுச் சோதித்து, அந்நடுக்கத்தைத் தணிக்கும் வில்லுகளும் தாங்கிகளும் வகுத்தனர். 1964 ஒக்டோபர் முதலாந் திகதி தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்குமிடையே ஷிங்கன்சென் என்னும் அதிவேக வண்டி ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து அதன் தடங்களில் மோதலாலோ தடம்புரள்வாலோ ஒரு பயணியேனும் இறந்ததில்லை. யப்பானியரின் தலையெழுத்து மட்டும் நல்லது என்பதா? நிலநடுக்கமும் சூறாவளியும் அவர்களுக்கு நம்மிலும் மிகுதி. அவர்கள் இரண்டாம் விதியைக் கற்றார்கள், கற்றபடி நின்றார்கள்.

நமது நாட்டிலும் புகையிரதத்தின் கதை பழையது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. மலைநாட்டுப் பாதையை 44 அடிக்கு ஓர் அடி ஏற்றத்துடனும், ஏறக்குறைய 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகளுடனும் அமைத்தவர்கள், வளைவின் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்தினார்கள். வேகத்துக்கும் எல்லை வகுத்தார்கள். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ் நகரை அடைந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் நம்மவர்க்கு இரவு பஸ்ஸே பழக்கமாகிவிட்டது. தூரப் பயணத்துக்குத் தண்டவாளம் தெருவினும் பாதுகாப்பானது என்பதை நாம் மீண்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

சென்ற வாரம் இவ்வுரையைப் பற்றிக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? சாரதி நிதானமாக ஓட்டினால் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிதானம் முதன்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாரதியை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இரவு முழுவதும் ஓட்டச் சொல்கிறோம். அடுத்த நாள் காலை பூசைக்குப் பிந்தக்கூடாது என்கிறோம். குறைந்த கூலிக்கு வருபவரையே தேடுகிறோம். பின்னர் அவர் நிதானமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மனிதன் களைப்பான், தவறுவான். அவன் தவறும் வேளையிலும் உயிர் போகாதபடி வண்டியையும் வீதியையும் அமைப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். 1959 இல் சுவீடனில் நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் வகுத்த மூன்று முனை ஆசனப்பட்டியை, அவர் பணிபுரிந்த வொல்வோ நிறுவனம் ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. அதனாலே பிழைத்தவர் தொகை எண்ணில் அடங்காது. நமது நாட்டில் முன்னாசனத்தார்க்கு அது கட்டாயமாக்கப்பட்டது 2011 இல். அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதித்தோம். சென்னைக்கு அண்மையில் ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் பெரும் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. பெரம்பூரிலே 1955 முதல் புகையிரதப் பெட்டிகள் செய்கின்றார்கள். கடலுக்கு அப்பால் நம் மொழி பேசும் பிள்ளைகள் இத்துறையில் வேலை செய்கிறார்கள். நமது இளைஞரும் மருத்துவம், கணக்கியல் என்ற இரண்டோடு நில்லாது இதனையும் நாடவேண்டும்.

இனிச் செயற்குழுவுக்கு எமது வேண்டுகோள்.

முதலாவது, கூடுதல் விலையுள்ள பஸ்ஸையே அமர்த்துக. தலைக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா எல்லார்க்கும் இலேசான தொகையன்று. நாமும் மாணாக்கர், அறிவோம். இயலாதவர்க்கு இளைஞர் பகுதி நிதி சேர்த்துக் கொடுக்கும். அதற்கு இச்சபையில் நாம் பொறுப்பேற்கிறோம்.

இரண்டாவது, இருக்கையில்லாத எவரும் ஏறலாகாது. கடைசி நேரத்தில் வரும் உறவினர்க்கும் இது பொருந்தும். முகம் பார்த்து விட்டுக்கொடுத்தால் விதி நம் முகம் பார்க்காது.

மூன்றாவது, கூரையில் ஒன்றும் ஏற்றலாகாது. அன்னதானத்துக்குரிய அரிசியும் பாத்திரமும் வண்டியின் அடியிலுள்ள பெட்டியில், அல்லது தனி வாகனத்தில் வருக.

நான்காவது, மலையிறக்கம் பகலில், இறங்குமுன் வண்டியை நிறுத்திச் சற்று ஆறவிடல், தாழ்ந்த கியர். ரயர்களையும் பிறேக்கையும் புறப்படுமுன் பரிசோதித்துக் கொள்ளுதல்.

ஐந்தாவது, சாரதிக்கு அருகே எந்நேரமும் நம்மவர் ஒருவர் விழித்திருந்து, வேகம் கூடினால் "மெதுவாக, அண்ணை" என்று சொல்லல் வேண்டும். இப்பணியை இளைஞர் முறைவைத்துச் செய்வர். அவ்வாறு சொல்பவரைப் பின்னாலிருந்து யாரும் கேலி செய்யாதிருக்கவும்.

முடிக்குமுன் மீண்டும் தேருக்கு வருவோம். ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேலவன் இரதம் வரும் காட்சியைக் கொழும்பிலே வளர்ந்த எவரும் மறவார். ஊர்க்கோயில்களில் பெரிய தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர் பல நூறு பேர். சில்லுக்கு அருகே குனிந்தபடி, முட்டுக்கட்டையைக் கையில் ஏந்தி ஓடுபவர் நாலைந்து பேர். தேர் விலகினால் கட்டையிட்டு நேர்ப்படுத்துவதும், ஓடினால் நிறுத்துவதும் அவர்கள். சுவாமியைப் பார்க்கவும் அவர்களுக்கு நேரமில்லை. கண் முழுவதும் சில்லிலே. தேர் இருப்புக்கு வந்தபின் அவர்கள் பெயரை யாரும் கேட்பதுமில்லை. அவர்கள் இறைவனை நம்பாதவரல்லர். தேரிலே இருப்பவன் இறைவன் என்று நம்புவதனாலேயே கட்டையை இறுகப் பிடித்திருக்கிறார்கள்.

இம்முறை யாத்திரையில் நம்மிலே சிலர் அவ்வேலையைச் செய்ய முன்வருவோம். போனவர் அனைவரும் திரும்பி வந்து, இதே மண்டபத்தில் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அமர்ந்திருக்கக் கதிர்காமத்தான் அருள் புரிவானாக.